அது என்னவென்று தெரிந்த கடைசி ஆள்

எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒரு முறையாவது குப்பைச் சண்டை வந்துவிடும். யாராவது ஒருவர் படிக்கட்டில் கிடக்கும் கிழிந்த கவரைப் படம் எடுத்துப் போடுவார், இன்னொருவர் "பொறுப்பில்லாத ஜென்மங்கள்" என்று எழுதுவார், மூன்றாமவர் சிங்கப்பூரைப் பற்றி ஆரம்பிப்பார், அப்புறம் யாரோ ஒருவர் "வரி கட்டுறோம் சார், கார்ப்பரேஷன் பார்த்துக்கட்டும்" என்று முடித்து வைப்பார், எல்லாரும் குட் மார்னிங் படங்களுக்குத் திரும்பிவிடுவார்கள். மூன்று வருடமாக இதையே பார்த்ததில் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரிக்கச் சொல்கிறார்களே, அது எதற்கு என்று கேட்டால் எங்கள் குழுவில் ஒழுங்காகப் பதில் சொல்ல நாலு பேர் தேறமாட்டார்கள். பிரிப்பது ஏதோ நல்ல பிள்ளை என்று பெயர் வாங்குகிற காரியம் என்பது போலத்தான் பேச்சு போகிறது. குப்பைக்குள் என்ன நடக்கிறது என்பது விளங்கினால், யாருக்கு என்ன பொறுப்பு என்ற சண்டையில் பாதி தானாகத் தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம். நான் விஞ்ஞானி இல்லை. எனக்கு விளங்கிய வரிசையில் சொல்கிறேன்.

குப்பை என்று எதைச் சொல்கிறோம்?

கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: "காட்டுக்குக் குப்பை அடிச்சாச்சா?" என்று ஒருவர் கேட்டால் அவர் திட்டவில்லை, விவசாயம் பேசுகிறார். குப்பை என்றால் எரு. சாணம், அடுப்புச் சாம்பல், மாடு தின்று மிச்சம் வைத்த வைக்கோல், வாசல் பெருக்கிய சருகு எல்லாம் வீட்டுக்குப் பின்னால் ஒரு குழியில் சேரும், உழவுக்கு முன்னால் வண்டி கட்டி வயலுக்குப் போகும். ஒரு வண்டிக் குப்பைக்கு விலை உண்டு, கடனாகக்கூடக் கேட்பார்கள்.

என் பாட்டி வீட்டில் குப்பைத்தொட்டி என்ற பொருளையே நான் பார்த்த நினைவில்லை. அரிசி கழுவிய நீரும் காய்கறித் தோலும் மாட்டுக் கழனித்தொட்டிக்குப் போகும். சாம்பல் பாத்திரம் தேய்க்க. பழைய சேலை, குழந்தைக்குத் தூளி. ஓட்டைக் குடமும் உடைந்த செருப்பும் பேரீச்சம்பழக்காரருக்கு. ஒவ்வொரு பொருளுக்கும் அடுத்து எங்கே போக வேண்டும் என்று ஓர் இடம் இருந்தது. அதனால் வீசுவதற்கு மிஞ்சியது கொஞ்சம்தான். (இதைச் சொன்னதும் "அந்தக் காலம் மாதிரி வருமா" என்று யாரும் கண் கலங்க வேண்டாம். அதே காலத்தில்தான் மலத்தைக் கையால் அள்ள வேண்டிய எடுப்புக் கக்கூஸ் இருந்தது, அள்ளிச் சுமந்தவர்கள் யார் என்பதும் ஊருக்கே தெரியும்.)

ஆக, போக வேண்டிய இடம் தெரியாமல் கையில் நிற்கிற பொருளைத்தான் நாம் குப்பை என்கிறோம். வாழைப்பழத் தோல் மாட்டின் வாய்க்குப் போனால் தீவனம், குழிக்குப் போனால் எரு, உபயோகித்த டயப்பரோடு ஒரே கறுப்புக் கவருக்குள் போனால் குப்பை. தோல் ஒன்றுதான்.

மக்குவது வேறு, அழுகுவது வேறு

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிறார்கள். "சாப்பாடுதானே, எங்கே போட்டாலும் மக்கிடும்" என்பது நம் ஊரில் மிகவும் பரவலான நம்பிக்கை. பாதி சரி, அந்தப் பாதிதான் ஆபத்து.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கிற வீடுகளுக்கு ஒரு வாசனை பழக்கம். வெள்ளிக்கிழமை டிபன் பாக்ஸை பையிலேயே மறந்துவிட்டு, திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு, வேன் வர ஐந்து நிமிடம் இருக்கும்போது அதைத் திறப்பீர்கள் பாருங்கள், அந்த வாசனை. உள்ளே இருந்தது வெறும் எலுமிச்சை சாதம். இப்போது மாமரத்தடியில் குவிந்து கிடக்கும் சருகை நினைத்துப் பாருங்கள். அதுவும் சிதைந்துகொண்டுதான் இருக்கிறது, கையால் கிளறினால் அடியில் கறுப்பாக, ஈரமாக, மழை பெய்த மண் மாதிரி மணக்கும். இரண்டு இடத்திலும் வேலை செய்வது நுண்ணுயிரிகள்தான். ஒரு இடத்தில் காற்று இருந்தது, இன்னொரு இடத்தில் இல்லை.

காற்று இருக்கும்போது நடப்பதை மக்குதல் என்று வைத்துக்கொள்வோம். ஆக்சிஜன் உதவியோடு நுண்ணுயிரிகள் பொருளைத் தின்று, கரியமில வாயுவும் நீரும் சூடும் வெளியேற்றி, கடைசியில் எருவை விட்டுவைக்கின்றன. நன்றாக மக்கும் குவியலுக்குள் கைவிட்டால் சுடும், 55 டிகிரிக்கு மேல்கூடப் போகும். காற்று இல்லாதபோது நடப்பது அழுகுதல். ஆக்சிஜன் தேவைப்படாத வேறு வகை நுண்ணுயிரிகள் வந்து உட்காருகின்றன, நாற்றமடிக்கும் வாயுக்களும் அமிலங்களும் மீத்தேனும் வருகின்றன. மீத்தேன் என்பது நிறமற்ற, எளிதில் தீப்பிடிக்கும் வாயு. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப் போல சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். சாண எரிவாயு அடுப்பில் எரிவதும் இதுதான், அங்கே குழாயில் அடங்கி வருவதால் அது எரிபொருள்.

இப்போது குப்பைக் கிடங்கை அந்த டிபன் பாக்ஸின் பெரிய அண்ணனாக நினைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. நம் வீட்டுக் குப்பையில் எடைக் கணக்கில் ஏறக்குறைய பாதி, சமையலறையில் இருந்து வருவது. அது பிளாஸ்டிக் கவருக்குள் முடிச்சுப் போட்டு, லாரியில் அழுத்தி, மேடாகக் கொட்டி, அதன் மேல் அடுத்த நாள் குப்பையைக் கொட்டினால் உள்ளே காற்று எங்கிருந்து போகும்? சாம்பார் சாதம் மக்காது, அழுகும். அதில் ஊறி வழியும் கறுப்புத் தண்ணீருக்குக் கசிவுநீர் என்று பெயர். அழுகல் அமிலம், பேட்டரி, பெயின்ட் டப்பா என்று வழியில் இருப்பதை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு அது நிலத்தடி நீருக்குப் போகும். பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே வளர்ந்தது. அந்தச் சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதே 2022 ஏப்ரலில்தான் பக்கத்தில் கிடங்கு பற்றி எரிந்தது, நாள் கணக்கில் புகைந்தது. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் ஏறக்குறைய இரண்டு வாரம், 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர். வெயில் காலத்தில் இது பஞ்சாங்கத்தில் போடலாம் போல ஆகிவிட்டது. "யாரோ பீடியை அணைக்காமல் போட்டுட்டான்" என்று பேசிக்கொள்வார்கள். பொறி எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம், உள்ளே இருந்து கசியும் வாயுவுக்கும் காய்ந்து கிடக்கும் பிளாஸ்டிக்குக்கும் அது போதும்.

தீ மட்டும் இல்லை. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று கொழும்பில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து, அடிவாரத்து வீடுகள் புதைந்து, முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பண்டிகைக்கு வீட்டில் இருந்தவர்கள். ஒரு நகரம் சாப்பிட்டு மிச்சம் வைத்தது இன்னொரு பகுதி மக்களின் கூரை மேல் விழுந்தது என்றால் அதை விபத்து என்ற ஒரு சொல்லில் மூடிவிட எனக்கு மனம் வரவில்லை.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: மக்கும் குப்பை என்பதால் மட்டும் அது மக்கிவிடாது. காற்று வேண்டும், மற்றதோடு ஒட்டாமல் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் கிடங்கிலேயே அதிகத் தொல்லை தருவது நாம் சாதுவென்று நினைக்கும் மிச்சச் சோறுதான்.

கலக்கிற அந்த இரண்டு நொடி

கடுகும் கேழ்வரகும் தனித்தனி டப்பாவில் இருக்கும்வரை பிரச்சினையே இல்லை. கை தவறி இரண்டும் ஒரே தட்டில் கொட்டிவிட்டால்? கொட்ட ஒரு நொடி, பொறுக்கிப் பிரிக்க ஒரு மத்தியானம். குப்பையின் கதையும் இதுதான்.

வாங்கி வந்த பார்சலைப் பிரிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டை தனியாக இருக்கிறது, கவர் தனியாக இருக்கிறது, வாழையிலையும் மிச்சச் சட்னியும் தனியாக இருக்கின்றன. எது எது என்று உங்களுக்குத் தெரியும், கையில்தான் இருக்கிறது. அந்த அட்டை காயலான் கடையில் காசு. சட்னியோடு சுருட்டி ஒரே கவரில் போட்டு முடிச்சுப் போட்ட பிறகு அட்டை நனைந்துவிட்டது, எந்தக் கடையும் எடுக்காது. இலையில் பிளாஸ்டிக் ஒட்டிவிட்டது, எருக்குழிக்குப் போகாது. கவரில் எண்ணெய். மூன்று உபயோகமான பொருள் இருந்தது, இரண்டு நொடியில் உபயோகமில்லாத ஒரு பொருள் ஆகிவிட்டது. இதைச் செய்தது கார்ப்பரேஷன் இல்லை, நாம்தான்.

பொருள் கெட்டதைவிடப் பெரிய இழப்பு இன்னொன்று இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்ற தகவல் தொலைந்துவிட்டது. முடிச்சுப் போட்ட கறுப்புக் கவரைப் பார்த்து உள்ளே பிளேடு இருக்கிறதா, இன்சுலின் ஊசி இருக்கிறதா, வெறும் வெங்காயத் தோலா என்று உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது. அது என்னவென்று தெரிந்த கடைசி ஆள் அதை உள்ளே போட்டவர். மூலத்திலேயே பிரித்தல் என்று அரசு சுற்றறிக்கைகளில் வருகிற சொல்லுக்கு அர்த்தம் இவ்வளவுதான்: என்னவென்று தெரிந்த ஆளின் கையிலிருந்து போகும்போதே தனித்தனியாகப் போகட்டும். 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீடுகளை மூன்றாகப் பிரிக்கச் சொல்லின: மக்கும் குப்பை, மக்காத உலர் குப்பை, பேட்டரி, காலாவதி மருந்து, டியூப்லைட் போன்ற வீட்டு அபாயக் கழிவு. பிரித்துக் கொடுப்பது ஆலோசனை இல்லை, சட்டப்படி கடமை.

பிரிக்காமல் விட்டால் யாராவது பின்னால் பிரித்துத்தான் ஆக வேண்டும். பெருங்குடியிலும் வடசென்னையின் கொடுங்கையூர்க் கிடங்கிலும் பயோமைனிங் என்று செய்தியில் படித்திருப்பீர்கள். பழைய குப்பைமேட்டைத் தோண்டி, பெரிய சல்லடைகளில் சலித்து, மண் தனி, பிளாஸ்டிக் தனி, கல் தனி என்று எடுப்பதுதான் அது. பல நூறு கோடி ரூபாய் வேலை. யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் சிரிப்புகூட வருகிறது. 1990-களில் ஏதோ ஒரு மாமி சமையலறையில் இரண்டு நொடியில் செய்திருக்கக்கூடிய காரியத்தை முப்பது வருடம் கழித்து இயந்திரம் வைத்துச் செய்துகொண்டிருக்கிறோம். (மாமியை மட்டும் சொல்வானேன், மாமாவுக்கும் கை இருந்தது.)

நடுவில் இருக்கிற கை

எங்கள் தெருவுக்கு பேட்டரி வண்டியில் வருகிற அக்கா காலை ஏழே காலுக்கு விசில் ஊதுவார். ஒரு நாள் நான் உடைந்த கண்ணாடி டம்ளரை ஒரு கவரில் போட்டு, அதை இன்னொரு கவரில் போட்டு, பெரிய ஜாக்கிரதைக்காரன் போல முடிச்சும் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் அவர் ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. "என்னாச்சுக்கா?" என்றேன். "கண்ணாடி சார். எந்த வீடுன்னு தெரியல" என்றார். எனக்குத் தெரியும். உடனே சொல்ல வாய் வரவில்லை, இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "கண்ணாடின்னா கையில குடுங்க சார், பையில போடாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

வண்டி ஓரமாக நிற்கிற பத்து நிமிடத்தில் அவர் என்ன செய்கிறார் என்பதை அதன் பிறகுதான் கவனித்துப் பார்த்தேன். கவர் முடிச்சை அவிழ்க்க நேரமில்லை, விரலை விட்டுக் கிழிக்கிறார். உள்ளே துழாவி பாட்டில், பால் கவர், தகரடப்பா என்று விற்கக்கூடியதை எடுத்து வண்டியில் தொங்கும் சாக்கில் போடுகிறார். அது அவருக்குச் சம்பளத்துக்கு மேல் கிடைக்கிற சில்லறை. கையுறை கொடுத்திருக்கிறார்கள், அந்தத் தடிமனான ரப்பரைப் போட்டுக்கொண்டு மெல்லிய கவரைப் பிரிக்க வராது என்று கழற்றி வைத்துவிடுகிறார். அப்படியானால் வெறும் கை. என் நேற்றைய ரசச் சோற்றிலும் மூன்றாவது மாடியின் நாப்கினிலும் அந்தக் கைதான் போகிறது.

சாப்பிட்டு எழுந்த தட்டைக் கழுவும்போது சிங்க் ஓட்டையில் நாலு பருக்கை தங்கும். ஐந்து நிமிடம் முன்னால் அதே சோற்றை நம் கையால் பிசைந்து சாப்பிட்டோம், இப்போது அதை விரலால் எடுக்க நமக்கே கூசுகிறது. அது நம் சோறு, நம் வீட்டு சிங்க். எச்சில், தீட்டு என்று நமக்குள் ஊறிப்போன ஒரு கணக்கு இருக்கிறது. பொருள் மாறுவதில்லை, ஒரு கோட்டைத் தாண்டியதும் அதைத் தொடுவதற்கு வேறு ஆள் வேண்டியிருக்கிறது. வாசற்படிதான் அந்தக் கோடு. உள்ளே வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு குப்பையை வெளியே கொட்டக் கூடாது, லட்சுமி போய்விடுவாள் என்று அவ்வளவு ஆசாரம். காலையில் வெளியே தள்ளியதும் அது யாருடையதோ. அந்த யாரோ யார் என்றால், தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள், அதிலும் அருந்ததியர் அதிகம். இது தற்செயலாக அமைந்தது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

அதனால் குப்பையைப் பிரிப்பதைச் சுற்றுச்சூழல் சமாச்சாரமாக மட்டும் பேசுவதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. ஆமை, திமிங்கிலம், துருவக்கரடி எல்லாம் போஸ்டரில் வருகின்றன. ஏழே காலுக்கு விசில் ஊதுகிறவர் வருவதில்லை.

சுருக்கமாக: பிரிப்பதற்கு எப்படியும் ஒரு கை வேண்டும். நாம் பிரித்தால் வேலை இரண்டு நொடி, பொருளும் சுத்தமாக இருக்கும். நாம் விட்டால் அதே வேலை பல மடங்கு கஷ்டமாக, ஆபத்தாக, இன்னொருவர் கைக்குப் போகிறது. கலப்பது என்றால் வேலையை மிச்சப்படுத்துவது இல்லை, கைமாற்றிவிடுவது.

"எல்லாத்தையும் ஒரே வண்டியில்தானே கொட்டுறாங்க?"

இது நியாயமான கேள்வி, ஒதுக்கித் தள்ளக் கூடாது. பல இடங்களில் பிரித்துக் கொடுத்ததைக் கண்ணெதிரே ஒன்றாகக் கொட்டுகிறார்கள். நானே பார்த்திருக்கிறேன், வயிறு எரிந்தது. ஆனால் இதில் ஒரு கோழி, முட்டைச் சிக்கல் உண்டு. தெருவில் நாற்பது வீட்டில் ஆறு வீடு பிரித்துக் கொடுத்தால் அந்த ஆறு பைக்காக யாரும் தனி லாரி அனுப்பமாட்டார்கள், முப்பது வீடு பிரித்தால் அனுப்பச் சொல்லி வார்டு கவுன்சிலரிடம் போய் நிற்க நமக்கு வாய் இருக்கும். தவிர, லாரிக்கு முன்னால் அந்தப் பேட்டரி வண்டி இருக்கிறதே. லாரியில் கலந்தாலும் அதற்குள் பாட்டிலும் அட்டையும் சாக்குக்குப் போய்விடும், ஊசி தனியாகப் போய்விடும், விரலும் தப்பிக்கும். வீண் என்று சொல்வதற்கு முன்னால் யாருக்கு வீண் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வரி கட்டுகிறோம் என்ற வாதத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. வரி, குப்பையை எடுத்துப்போகும் செலவுக்கு. ஹோட்டலில் பில் கட்டுகிறோம் என்பதற்காக சர்வர் மேல் கை கழுவ முடியாது.

ஊர் விட்டு ஊர்

2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் நடுக்கல்லூர், கொடகநல்லூர் கிராமங்களில் கேரளத்து மருத்துவக் கழிவு கொட்டிக் கிடந்தது நினைவிருக்கும். ஊரே கொதித்தது, பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது, கேரளத்திலிருந்து லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது. கொதித்தது நூற்றுக்கு நூறு சரி. அந்தக் கோபத்தின் அடியில் ஒரு தெளிவான நியாயம் இருந்தது: உன் குப்பையின் ஆபத்தை, அதில் ஒரு பங்கும் இல்லாத என் தலையில் கட்டாதே.

அதே நியாயத்தைக் கொடுங்கையூர்க்காரர் நம்மிடம் சொன்னால்? பல பத்தாண்டுகளாக நகரத்தின் வேறு பகுதிக் குப்பையை முகர்ந்துகொண்டு அங்கே மக்கள் வாழ்கிறார்கள். அவர்களைக் கேட்டு யாரும் கொட்டவில்லை. மாநில எல்லை தாண்டினால் அத்துமீறல், மண்டல எல்லை தாண்டினால் நிர்வாகம். அங்கே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலைத் திட்டம் வந்து, அதை எதிர்த்து 2025-ல் மக்கள் மனிதச் சங்கிலி நின்றார்கள். எரித்துவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று நினைப்பவர்கள் ஒரு முறை ஈர விறகில் அடுப்பு மூட்டிப் பார்க்கலாம். கலந்த குப்பையில் பாதி ஈரச் சோறு. அது சரியாக எரியாது, அரைகுறையாக எரிகிற பிளாஸ்டிக்கில் இருந்து டையாக்சின் போன்ற கொடிய நச்சுகள் வரும். உலைக்குக்கூடப் பிரித்த குப்பைதான் தேவை.

எல்லாம் நம் தலையிலா?

இல்லை. இதையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை கம்பெனிகளுக்குச் சாதகமாகப் போய்விடும்.

ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உள்பக்கம் வெள்ளியாக மின்னும், வெளிப்பக்கம் வண்ணம். பிளாஸ்டிக்கும் மெல்லிய அலுமினியமும் ஒன்றோடொன்று ஒட்டிய பல அடுக்கு உறை அது. அடுக்குகளைப் பிரித்தெடுப்பது கட்டுப்படியாகாது, அதனால் காயலான் கடையில் எடுக்கமாட்டார்கள், அக்காவும் எடுக்கமாட்டார். அங்கே பிரிக்க முடியாதபடி கலந்தது நானோ நீங்களோ இல்லை, தொழிற்சாலை. நான் எவ்வளவு சுத்தமாகக் கழுவிக் காயவைத்தாலும் அதற்குப் போக்கிடம் கிடையாது. இதற்காகத்தான் நீட்டிக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு என்று ஒன்றை விதிகளில் வைத்திருக்கிறார்கள். உறையைச் சந்தைக்கு அனுப்பியவரே அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பையும் செலவையும் ஏற்க வேண்டும் என்பது அதன் பொருள். கடைசியில் தெரிந்த ஆள் நான் என்றால், முதலில் தெரிந்த ஆள் அவர்.

நல்லெண்ணத்தில் ஏமாறுகிற இடங்களும் உண்டு. பேப்பர் கப் என்கிறோம், உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இல்லாவிட்டால் டீ ஒழுகிவிடும். அதனால்தான் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் வந்த தடையில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் இருந்தது. "மக்கும் பிளாஸ்டிக்" என்று அச்சடித்த கவர்களில் பலவற்றுக்கு, மக்குவதற்கு 50, 60 டிகிரி சூடு விடாமல் இருக்கிற பெரிய உரக்கூடம் வேண்டும். கூவத்தில் போட்டால் அதுவும் மிதக்கும்.

எங்கிருந்து பிடிப்பது

ஈரத்தையும் உலர்ந்ததையும் பிரியுங்கள், முக்கால்வாசி தீர்ந்தது. சமையலறைக் குப்பையைக் கவரில் கட்டாமல் அப்படியே வாளியில் வைத்து வண்டியில் கவிழ்த்துவிடலாம். நாப்கினையும் டயப்பரையும் செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையில் ஒரு கோடு போட்டால் எடுப்பவருக்குத் திறக்காமலே தெரியும். தகவல் தொலையக் கூடாது என்று மேலே சொன்னேனே, அது இவ்வளவு சின்ன வேலை. கண்ணாடி, பிளேடு, ஊசி: கையில். பால் கவரின் மூலையை வெட்டும்போது முழுசாகத் துண்டிக்காமல் ஒட்டினாற்போல் விடுங்கள். அந்தக் குட்டி முக்கோணத்தை எந்தக் கையாலும் பொறுக்க முடியாது, நேராகச் சாக்கடைக்குத்தான் போகும்.

இடம் இருந்தால் எருவும் போடலாம். என்னுடையது மொட்டைமாடியில் இரண்டு பழைய பெயின்ட் பக்கெட், பக்கவாட்டிலும் அடியிலும் துளை. காய்கறித் தோல் ஒரு பங்கு போட்டால் காய்ந்த சருகோ தேங்காய் நாரோ இரண்டு பங்கு, ஆரம்பத்தில் ஒரு டம்ளர் புளித்த மோர், வாரம் இரண்டு முறை கிளறல். துளையும் கிளறலும் காற்றுக்கு, சருகு ஈரத்தை உறிஞ்ச. நாறினால் காற்று போதவில்லை என்று அர்த்தம், டிபன் பாக்ஸ் ஆகிக்கொண்டிருக்கிறது, இன்னும் சருகு போடுங்கள். இரண்டாவது வாரம் கொழுத்த புழுக்கள் வந்து வீட்டில் ஒரே ரகளை, பக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடச் சொன்னார் அம்மா. அந்தப் புழுக்கள் கடிக்காது, தோலைத்தான் தின்னும் என்று சொல்லி ஒரு மாதம் தள்ளினேன். இப்போது அவர் கறிவேப்பிலைச் செடிக்கு அந்த எருவைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். "குப்பை கொஞ்சம் குடுறா" என்றுதான் கேட்பார்.

சிப்ஸ், பிஸ்கட் உறைகளை மட்டும் கழுவிக் காயவைத்து ஒரு அரிசிச் சாக்கில் சேர்த்துவருகிறேன். அக்காவிடம் கேட்டேன், "அது யாரும் வாங்கமாட்டாங்க சார்" என்றார். காயலான் கடைக்காரர் சாக்கைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. உறையின் பின்பக்கம் இருந்த கம்பெனி வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் செய்தபோது ருசியில் ஏதாவது குறையா என்று கேட்டார்கள். ஏழு மாதச் சாக்கு, வாய் கட்டி பால்கனி மூலையில் நிற்கிறது.